உப்பு லாரிக்காரனின் கார்

அக்டோபர் கடைசி ஞாயிறு.
சக்கரங்களைக் கழற்றிப் புல்லில் கிடத்திவிட்டு
பாரிசியென் வண்டியின் வயிற்றுக்கடியில்
அட்டை விரித்து மல்லாந்து படுப்பேன்.
போன்டியாக், எழுபத்தெட்டாம் வருஷத்தது.
மாமனார் ஓவிலா வாங்கியது;
ஒரு பனிக்காலமும் வெளியே எடுக்காமல்
போர்வை போர்த்தி வைத்திருந்தார் மனிதர்.
கிலேனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.
ஓடாத கார் ஒரு அலமாரி என்பாள்.

முதலில் கம்பி பிரஷ்.
செதில் செதிலாக என் கண்ணில் உதிரும்
போன வருஷம்.
பிறகு கதவடிச் சட்டத்தில்
சுண்டுவிரல் நுழையும் துளை,
அதில் நீளக் குழாயைச் செருகி எண்ணெய் அடிப்பேன்
மறுபக்கத்துத் தையலில் கசிந்து வரும்வரை.
கதவுக்கடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மூன்று.
மூன்றையும் குத்தூசியால் நோண்டித் திறப்பேன்.
மறுநாள் ஏரிக்கரை மண்சாலையில்
கிலேன் ஓட்டிப்போய் வருவாள்,
புழுதி எண்ணெயோடு ஒட்டி இன்னொரு தோலாகும்.
வாசலில் சொட்டுவதை மோந்து பார்க்க வந்து
பக்கத்து வீட்டு நாய்
மூன்று நாளைக்குத் திட்டு வாங்கும்.

இதுவரை சொன்னதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நவம்பர் பிறந்தால்
சிக்கூத்திமி நகராட்சியின் பதினோராம் நம்பர் லாரி
என்னுடையது.
இரவு பதினொன்றுக்கு ஏறுவேன்.
முதுகுக்குப் பின்னால் எட்டு டன் உப்பு,
தட்டு சுழன்று சுழன்று
எல்லார் தெருவுக்கும் வாரி இறைக்கும்.
பகலில் எண்ணெய், ராத்திரியில் உப்பு!
"ஃபெர்னான், உனக்கு நீயே பகையாளியா?"
டிப்போவில் பெனுவா கேட்பான்.
சிரித்துவைப்பேன்.
இரும்பு உப்பிட்டவனை உள்ளளவும் நினைக்கும்,
எவ்வளவு உள்ளே போக முடியுமோ
அவ்வளவு உள்ளே.

மைனஸ் இருபதில் பயமில்லை.
உப்பும் தூங்கும், துருவும் தூங்கும்.
பூஜ்யத்தை ஒட்டி இளகுகிற நாட்கள்தான்,
சேறு கசியும் மதியங்கள்தான்.
மேட்டுத் தெரு மருத்துவர் தன் பழைய மெர்சிடஸுக்கு
கராஜில் ஹீட்டர் வைத்துக் கொடுத்தார், பாவம்.
அந்தக் கதகதப்பில் துருவுக்கு நல்ல பசி எடுத்து
மூன்றே வருஷத்தில் தரை தெரிந்தது
மிதிகட்டைக்குக் கீழே.

போன ஜனவரி. உறைமழை.
எங்கள் தெருமுனை திரும்பியதும்
கை போய் லீவரை மூடியது.
தானாக மூடியது என்று சொல்லிப் பார்த்தேன்,
இல்லை, நான்தான்.
நூற்றெண்பது மீட்டர், பதினான்கு வீடு.
வாசல் விளக்கில் பாரிசியென் பளபளத்தது
ஜீராவில் முக்கி எடுத்ததுபோல்.
கடைசி வீடு தாண்டித் திறந்தேன்.

காலை ஏழுக்குக்
குப்பைத்தொட்டியை இழுக்க வந்த திருமதி பஷான்
விழுந்தார்.
இடுப்பு, வலது பக்கம்.
அவசரப் பிரிவில் அவரை வாங்கிப் படுக்கவைத்தவள்
அன்றைக்கு ட்யூட்டியில் இருந்த கிலேன்.
அவளும் ஆறு மணிக்கு
அந்தப் பனிக்கட்டியில்தான் காரை இறக்கியிருக்கிறாள்.

மாலை வந்து பூட்ஸைக் கழற்றினாள்.
"நம் தெருவில் மட்டும் வால்வு சிக்கிக்கொண்டதா?"
இல்லை என்றேன்.
அதற்குமேல் கேட்கவில்லை.
சூப் சுடவைத்தாள், ஒரு கிண்ணம் எடுத்தாள்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருவில்
லீவரை ஒரு பல் கூடுதலாகத் திறக்கிறேன்.
பம்பரில் உப்புக்கல் தெறிக்கும் சத்தம்
எஞ்சின் இரைச்சலுக்கு மேலே
எனக்கு மட்டும் கேட்கும்.

ஏப்ரலில் கழுவும்போது பார்த்தேன்,
பின்சக்கர வளைவில் பட்டாணி அளவு கொப்புளம்.
கட்டைவிரலால் அழுத்தினால் கரகரத்தது.
கூப்பிட்டுக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள், சாவியை ஆட்டினாள்.
"பஷான் அம்மாவைப் பார்க்கப் போகிறேன்,
ஊன்றுகோலோடு படி ஏறுகிறாராம். வருகிறாயா?"

குழாயை மூடினேன்.
ஈரம் காயாத கையோடு
பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.