ஒரே மாதிரி இரண்டு குகைகள்

ஆர்விட் பாம்புக்குப் பயந்தவன்.
அதனால்தான் வாங்கினேன்.
நாயை அவன் கொண்டுபோன மூன்றாம் வாரம்
டுலூத்தின் சரிவுத் தெருவில்
மீன்தொட்டிக் கடையின் பின்னறையில்
இருநூற்றுப் பத்து கிராமில் ஒரு காவலை
துணிப்பையில் முடிந்து தந்தார்கள்.
பந்து மலைப்பாம்பு.
இனி மிச்சச் சாமான் எடுக்க
அவன் வாசற்படி தாண்டமாட்டான்.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
இது நான் தும்மினால் நடுங்கியது.
தொட்டால் தலையை நடுவில் ஒளித்து
தன்னையே தன்மேல் சுற்றி
மூடிய முஷ்டியானது.
நாலடிக் கண்ணாடி மாளிகை வாங்கியிருந்தேன்,
விளக்கும் பிளாஸ்டிக் கொடியும் வைத்து.
தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால்
ஏழு நாள் பதுங்கிக் கிடந்தது.

கடைக்காரன் லட்விக் போனில் சொன்னான்:
"வெட்டவெளியை யார் கேட்டது?
மூன்று பக்கமும் கறுப்பு அட்டை ஒட்டு.
உடம்பு சுவரில் உரசுமளவு
இறுக்கமாய்க் குகை வை. ஒன்றல்ல, இரண்டு.
சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று,
இரண்டும் அச்சு அசலாய் ஒன்றுபோல.
இல்லாவிட்டால்
கதகதப்பா, பத்திரமா என்று
ஒன்றை அது விட்டுக்கொடுக்க நேரும்."

அடுப்படியிலேயே நின்றிருந்தேன்.
கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

தேங்காய் நார்க்கட்டி, செங்கல் அளவு.
வாளித் தண்ணீரில் ஊறி ஊறி
வாளியையே நிரப்பியது.
தென்னையை நான் பார்த்ததில்லை.
ஜனவரி முழுக்க
அதன் ஈர வாசனை என் சட்டையில்.

சூட்டுப் பாயைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகாதே,
அடிவயிறு வெந்தாலும்
நகராமல் படுத்திருக்கும் பிராணி என்றான்.
அதை அவன் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐஸ்கிரீமுக்கும் பட்டாணிக்கும் நடுவே
உறைந்த எலிகள்.
இரவு ஃப்ரிட்ஜில் இளகவிட்டு
மறுநாள் பையோடு வெந்நீரில் மிதக்கவிட்டு
இடுக்கியால் ஆட்டுவேன்.
உயிரோடிருப்பதாய் எலி நடிக்க வேண்டும்.
நானும்தான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும்.
மாவு நிறுக்கும் தராசில்
இருநூற்றெட்டு. இருநூற்றாறு. இருநூற்று நான்கு.
பட்டினிக்கு அதனிடம் பொறுமை இருந்தது,
பார்த்திருக்க என்னிடம் இல்லை.

பிப்ரவரி பதினொன்று.
ஏரிக்காற்று மின்கம்பியை அறுத்தெறிந்த இரவு.
பெட்டிக்குள் முள் இறங்க இறங்க
அதை எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டேன்.
வயிற்றின்மேல் குளிர்ந்த கயிறு.
என் சூட்டைக் கேட்காமல்
கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் வாங்கியது.

கதவு தட்டப்பட்டது.
ஆர்விட். தள்ளுவண்டியில் ஜெனரேட்டர்.
"அது எங்கே?"
"என்மேல்."
இரண்டடி பின்வாங்கி
முழங்கால் வரை பனியில் புதைந்தான்.
ஆனால் போகவில்லை.
முற்றத்தில் எந்திரத்தை முடுக்கிவிட்டு
தபால் துவாரம் வழியே
கம்பியை உள்ளே நீட்டினான்.
பிறகு தன் வண்டிக்குள் உட்கார்ந்து
ஜன்னலை இறக்கிக் கத்தினான்:
"எவ்வளவு?"
"அறுபத்தொன்பது!"
ஒரு சிகரெட் கழித்து, "இப்போ?"
"எழுபத்தாறு!"
தொண்ணூறு வந்ததும் கிளம்பினான்.
முன்னிருக்கையில் நாய்
என் வீட்டைப் பார்த்தபடி போனது.

வியாழக்கிழமை, விளக்கணைத்த அறை.
இடுக்கியில் சட்டென ஒரு வெட்டு.
எலியைக் காணோம்; சுருள்கள் மட்டும்.
வெற்று இடுக்கியைப் பிடித்தபடி
இருபது நிமிடம் முட்டி போட்டிருந்தேன்.
இரண்டு நாள் தொடாதே என்றிருந்தான் லட்விக்.
தொடவில்லை. கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை.

சனிக்கிழமை தராசில் வைத்தேன்.
"இருநூற்று இருபத்தொன்று" என்று மட்டும்
ஆர்விட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.
எது என்று அவன் கேட்கவில்லை.
ஜெனரேட்டர் இன்னும் முற்றத்தில்தான்,
பனி மூடி,
யார் கேட்டும் எடுக்காமல்.
குளிர்ப் பக்கக் குகையில்
பாம்பு இடம் மாறியிருக்கிறது.