திறப்புக் கோர்வை

ஞாயிறு காலை எட்டுக்கு ஆங்கிலிக்கன்.
பதினொரு பேர். முழந்தாளுக்கு மெத்தை நாற்பது.
மிஸிஸ் ஹார்க்னெஸ் புத்தகம் பார்த்து
வரி தவறாமல் வாயசைப்பாள்.
குருவானவர் வரி தவறினால்
அவளைத்தான் பார்ப்பார்.

பத்தரைக்கு எதியோப்பியர்.
வாசலில் சப்பாத்து மலை, உருகிய பனி என் துடைப்பத்துக்கு.
வெள்ளைத் துணி போர்த்து மூன்று மணி நேரம் நிற்பார்கள்,
சாய்ந்துகொள்ள ஆளுக்கொரு தடி.
தூபம் ஏறினால் புகைமணி அலறும்.
அதனால் கதிரையில் ஏறி அதன் தலைக்கு
குளியல் தொப்பி மாட்டிவிடுவேன்.
அபா தெக்லே அதையும் ஆசீர்வதித்துவிட்டுத்தான் தொடங்குவார்.

இரண்டுக்கு எங்கட ஆக்கள்.
ட்ரம்ஸ், கீபோர்ட், ஆளுயர ஸ்பீக்கர் நாலு.
பீடத்துச் சிலுவையை மறைத்துப் பாட்டுத் திரை இறங்கும்,
இறக்குவதும் நான்தான்.
கைகள் உயரும், அந்நிய பாஷை பொங்கும்.
முன்வரிசையில் மூன்றாவது கதிரை எமில்டா,
என் மனைவி.
போன வைகாசியில் அவள் மறுபடி முழுகி எழுந்த
பிளாஸ்டிக் தொட்டிக்கு
வெந்நீர் பிடித்தவன் நான்.
சூடு போதுமா என்று முழங்கைவரை விட்டுப் பார்த்தேன்.
அவ்வளவுதான் என் சம்மதம்.

கிளின்ரன் போன பிறகு
அவளுக்குக் கத்த ஓர் இடம் வேண்டியிருந்தது.
பூசையில் கத்த ஏலாது.
ஆண்டவரே இரக்கமாயிரும்,
அதுவும் அளவோடு, முறைப்படி.
எனக்கு அந்த அளவு காணும் என்றிருந்தேன்.

புதன் இரவு குவேக்கர்.
பீடம் வேண்டாம், பாட்டு வேண்டாம்,
அப்பமுமில்லை, இரசமுமில்லை.
வட்டமாய் ஒன்பது கதிரை, ஒரு மணி நேரம்
சும்மா.
உள்ளுக்குள் ஏதும் எழும்பினால்
எழும்பிச் சொல்லலாம்.
அநேகமாய் எழும்பாது.
வாடகை மட்டும் திங்களே வந்துவிடும்.

தை மாத வினிப்பெக். சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
பூட்டுவதற்காக வானுக்குள் காத்திருப்பவன் நான்,
அன்றைக்கு எஞ்சின் செத்துவிட்டது.
ஒரு கிழவர் கதவைத் திறந்து
பேசாமல் பத்தாவது கதிரையை இழுத்துப் போட்டார்.

இருந்தேன்.
நிலவறையில் ஃபர்னஸ் உறுமி, நின்றது.
பழக்கத்தில் கை செபமாலையைத் தேட
அகப்பட்டது திறப்புக் கோர்வை.
ஒவ்வொன்றாய் உருட்டினேன்.
முன்கதவு. பின்கதவு. பாத்திர அலுமாரி.
காணிக்கைப் பெட்டி. நிலவறை.
பிறகு
இந்தக் கட்டடத்தில் எதற்கும் பொருந்தாத ஒன்று.
அவனுடைய காரின் திறப்பு.
கார் இரும்புக் கடைக்குப் போய் இரண்டு வருஷம்.

கோர்வை நழுவி மரத்தரையில் விழுந்தது.
அப்படியொரு சத்தம்.
ஒருவரும் திரும்பவில்லை.
எதிரே ஒருத்தி கண்மூடியபடி தலையசைத்தாள்,
யாரோ எழும்பிச் சொன்னதைக்
கேட்டு முடித்தவள்போல.

முடிவில் எல்லாரும் கைகுலுக்கினார்கள்.
என் கை ஈரம்.

விளக்கணைத்து வெளியே வந்தேன்.
எமில்டா பக்கத்து வீட்டுக்காரரின் காரில்
பற்றரி வயரோடு வந்திருந்தாள்.
கம்பளிக்குள் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது,
எந்தப் பாஷை என்று நான் கேட்கவில்லை.
சிவப்பு முனையை அவள் பிடித்தாள்,
கறுப்பு முனையை நான்.
இருமிற்று, இருமிற்று,
இன்னொருக்கா என்றாள்.