இரண்டாம் முறை இறந்த மீன்கள்

புதன்கிழமை ஹானுஸ் கூப்பிட்டான்.
பின்னால் படகின் எஞ்சின், காற்று,
அவன் மூக்கை உறிஞ்சும் ஓசை.
"கூண்டிலிருந்து நான் அள்ளியது பதினொன்று.
உன் திரையில் நாற்பத்து மூன்று.
மிச்சத்தை யார் கொன்றது?"

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே என் அறை.
மூன்று மணிக்கே விளக்குப் போடும் மாதம்.
எட்டு வருடம் சால்மன் வயிற்றைக் கீறிய கை இது.
இப்போது விசைப்பலகையின் மேல்
வெட்ட எதுவுமில்லாமல் நிற்கிறது.

பைத்தான் எளிது என்றார்கள்.
வாசித்தாலே புரியும் என்றார்கள்.
முதல் வாரம் நான்கு வெற்றிடங்களுக்காக அழுதேன்.
கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை,
அதற்குள் ஒன்று டேப், ஒன்று ஸ்பேஸ்.
படகுத்துறையில் கிடப்பது பனியா உப்பா என்று
சந்தேகம் வந்தால் நக்கிப் பார்ப்போம்.
இங்கே எதை நக்குவது?

பிறகு கூண்டு எண்கள்.
ஹானுஸுக்கு ஒன்றிலிருந்து எட்டு,
எனக்குப் பூஜ்யத்திலிருந்து ஏழு.
"பூஜ்யமாவது கூண்டில் என்ன வளர்க்கிறாய்?"
என்று மாதம் முழுக்கச் சிரித்தான்.
மூன்றாம் கூண்டின் தீனி நான்காம் கூண்டுக்குப் போன
அன்று மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் இது வேறு.
எர்ரர் இல்லை. சிவப்பு எழுத்து இல்லை.
முகம் கோணாமல் பொய் சொல்கிறது.
போன வாரமும் இப்படித்தான்,
அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது.
சரியானதும் நான் தேடுவதை விட்டதுதான் தப்பு.

வரிக்கு வரி அச்சிட்டுப் பார்த்தேன்.
திங்கள், பதினான்கு.
செவ்வாய், முப்பத்திரண்டு.
செவ்வாயன்று செத்தது பதினெட்டுதானே?
காகிதத்தில் கூட்டியபோது முதுகு சில்லிட்டது.
எந்த மீனும் போகவில்லை.
திங்களன்று செத்தது செவ்வாயும் செத்தது,
புதனும் வந்து
வரிசையில் நின்று செத்தது.

குற்றம் முதல் வரியிலேயே இருந்தது.
ஃபங்ஷனின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குள்,
'யாரும் பட்டியல் தராவிட்டால் இதை வைத்துக்கொள்' என்று
நானே எழுதிவைத்த காலிப் பெட்டி.
கூப்பிடும்போதெல்லாம் புதுப் பெட்டி வரும் என்றிருந்தேன்.
இல்லை. நிரல் கண்விழித்த கணத்தில் செய்த
ஒரே பெட்டி.
அதைத்தான் கழுவாமல் திரும்பத் திரும்ப நீட்டியிருக்கிறது.

ஆலையில் மார்னா இப்படித்தான்.
ஷிஃப்ட் முடிந்ததும் தன் தொட்டியைக் கவிழ்க்காமல் போவாள்,
அவள் மீன் அடுத்தவள் கணக்கில் ஏறும்.
அடுத்தவள் வாயே திறக்கமாட்டாள்,
கூலி எடைக்குத்தானே.

திருத்தம் இரண்டே வரி.
வாசலில் பெட்டியை எடுத்துவிட்டு
'ஒன்றுமில்லை' என்று எழுதவேண்டும்,
அதற்கென்றே பைத்தானில் ஒரு சொல் உண்டு.
உள்ளே வந்து, ஒன்றுமில்லை என்றால்,
அப்போது செய்யவேண்டும் பெட்டியை.
காலிப் பெட்டி வேறு, ஒன்றுமில்லாதது வேறு
என்ற பாடம் நடந்த மாலையில்
நான் கொட்டாவி விட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"இப்போது பார்" என்றேன்.
எஞ்சினை அணைத்தான். காற்று மட்டும்.
"பதினொன்று" என்றான்.
"அப்படியென்றால் முப்பத்திரண்டு உயிர்த்திருக்கிறது.
பாதிரியாரிடம் சொல்லட்டுமா?"

சிரித்தேன். அவனும்.
பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"ரன்வா,
உயிரோடு இருப்பதைப் பார்த்துத்தானே தீனி போடுகிறது அது?
இருக்கும் மீனை எப்படி எண்ணுகிறது?
செத்ததைக் கழித்தா?"

பதில் சொல்லவில்லை.
அடுத்த கோப்பைத் திறந்தேன்.
முதல் வரி,
அடைப்புக்குள்,
ஒரு காலிப் பெட்டி.