வளைவுக் குழாய்

எண்ணூறு வருடமாக இந்தக் கோயிலில்
கழிவறை இல்லை.
பிரசங்கம் நீண்டால்
யூ மரத்துக்குப் பின்னால் போனார்கள்,
இல்லையென்றால் பொறுத்துக்கொண்டார்கள்.
பொறுமையும் ஒரு வரம்தான் என்பாராம்
முன்னிருந்த குருவானவர்.
அவர் வீடு எதிரிலேயே இருந்தது.

லிங்கன்ஷையர் சமவெளி.
கோபுரத்தை விட்டால்
காற்று முட்டிக்கொள்ள வேறொன்றும் கிடையாது,
முட்டைக்கோசுதான் அடிவானம் வரை.
கூரை ஈயத்தை இரண்டு முறை திருடிப்போனார்கள்.
இப்போது மேலே இருப்பது எஃகு,
ஈயம்போல நடிக்கிறது.

பெரில் தக்வெல் ஆறு வருடம் விண்ணப்பம் எழுதினாள்.
கேக் விற்றாள். பழைய புத்தகம் விற்றாள்.
வௌவால்கள் குட்டி போடும் மாதங்களில்
சாரம் கட்டக்கூடாது என்றார்கள்,
சரி என்றாள்.
தூணைத் தொடாதே, கல்லறை எழுத்தை மிதிக்காதே,
நாளை எவருக்காவது வேண்டாமென்று தோன்றினால்
சுவடின்றிக் கழற்றும்படி கட்டு
என்றது பேராயத்தின் கடிதம்.
ஆக, மணிக்கூண்டின் அடியில்
ஓக் பலகையில் ஓர் அலமாரி.
அலமாரிக்குள் பீங்கான்.

நான் குழாய்க்காரன்.
எனக்குத் தெரிந்த வேதம் ஒரே வசனம்:
நாற்பதடிக்கு ஓரடி சரிவு.
எந்தப் பேராயர் கையெழுத்துப் போட்டாலும்
தண்ணீர் மேடேறாது.

சாலை வரை பள்ளம்.
இயந்திரம் கூடாது, மண்வெட்டிதான்.
தார்யுஸ் வெட்டினான், லிதுவேனியப் பாட்டு ஒன்றை
பல்லிடுக்கில் மென்றபடி.
புதன்கிழமை, பத்தரை மணி.
நிறுத்துங்கள் என்றாள் ரோவன், அகழாய்வுக்காரி.

தீக்குச்சி என்றுதான் நினைத்தேன்.
அவள் தூரிகை தள்ளத் தள்ள
விலா வந்தது, விலாவுக்குப் பக்கத்தில் விலா,
தாடை.
துணியைச் சுற்றிக் குத்திய செம்பு ஊசி
பச்சையாகி
தோளெலும்பிலும் பச்சை ஒட்டியிருந்தது.
ஒன்றரை வயது இருக்கும் என்றாள்,
கடைவாய்ப் பல் அப்போதுதான்
வந்துகொண்டிருந்தது.

மழை பிடித்தது.
தார்யுஸ் கழற்றிய தொப்பியை
திரும்பப் போடவில்லை.

எடுக்கலாம், கடிதத்தில் இடமிருக்கிறது:
பெட்டி, எண், வேலை முடிந்ததும் மறு அடக்கம்.
பெரில் பள்ளத்தின் விளிம்பில் நின்றாள்,
ரப்பர் பூட்ஸில், கையில் ஆறிய தேநீர்.
'இது முதலில் வந்த பிள்ளை' என்றாள்.
'நமக்குத்தான் அவசரம்.'

நாற்பத்தைந்து பாகையில் இரண்டு வளைவு.
கூடுதலாக மூன்று மீட்டர்.
சரிவு இளைத்தது, அடைத்துக்கொள்ளுமோ என்று
இரவெல்லாம் எனக்குக் கணக்கு.
இருநூற்றுப் பத்து பவுண்ட் அதிகம்.
ரசீதில் காரணம் கேட்டிருந்தது.
தடை என்று எழுதினேன்,
அடித்தேன்.
வேறு சொல் வரவில்லை,
கட்டத்தை அப்படியே விட்டேன்.

அக்டோபரில் பேராயர் வந்தார்.
சாய்தளத்தை ஆசீர்வதித்தார்,
இருக்கைகளுக்கடியில் ஓடும் புது வெப்பக் குழாயை
ஆசீர்வதித்தார்,
ஓக் கதவின் முன் மட்டும்
கை உயர்த்திய பேராயர் கொஞ்சம் யோசித்தார்.

சங்கீதத்தின் பாதியில்
ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.
பிறகு அந்தச் சத்தம்,
கல் வளைவு ஏழிலும் எதிரொலித்து.
எல்லோரும் தலைகுனிந்தார்கள்,
ஜெபத்துக்கல்ல.

கடைசி வரிசையில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
சுவர் தாண்டியாயிற்று.
யூ மரம்.
முதல் வளைவு. மெதுவாக,
மெதுவாகத் திரும்பு.
இரண்டாவது.
இனி சாலை.