பாக்கி

கபத் சாலையில் பதினேழாம் கொட்டில்.
மூன்று மாதப் பாக்கி, தண்ணீர் இறக்காதே
என்று சீட்டில் சிவப்பு மையில் இருந்தது.

முதலாளி குடும்பத்தோடு குளிர்நாட்டில்.
குதிரைக்காரன் இத்ரீஸ் சம்பளம் கேட்டுக் கேட்டு
எங்கோ போய்விட்டான்.
வேலிக்கம்பியில் அவன் துண்டு
காய்ந்து விறைத்திருந்தது.

ஐம்பது டிகிரி.
செம்பழுப்புப் பெட்டைக்குதிரை
தொட்டியின் துருவை நக்கிக்கொண்டிருந்தது.
விலா எலும்புகளை எண்ணத் தொடங்கி
ஏழில் நிறுத்திக்கொண்டேன்.
சேணம் தின்ற முதுகில் ஈக்கள்,
கை வீசியும் எழவில்லை.

என் முதுகுக்குப் பின்னால்
ஐயாயிரம் கேலன் குலுங்கி அடங்கியது.

வால்வைத் திறந்தேன்.
ஒரேயடியாகக் குடிக்க விடக்கூடாதாம்;
அரை வாளி, பொறுத்து இன்னொரு அரை வாளி.
கணக்கில் 'கசிவு' என்று எழுதலாம்.
எழுதியிருக்கிறேன், வேறு கொட்டில்களில்.
அடுத்த நடை போனால்
வெறும் கயிறு கிடக்கும்.

இன்று போன் செய்தேன்.
தெரிந்த அரபியைப் பொறுக்கி அடுக்கினேன்:
குதிரை. தண்ணீர் இல்லை. முதுகு. ரத்தம்.
நகராட்சிக்காரர் எழுதிக்கொண்டார்.
பிறகு கேட்டார்:
பேசுவது யார்?

கம்பெனி லாக்கரில் பாஸ்போர்ட்.
ஊரில் விசாவுக்கு வாங்கிய வட்டிக்கடன்.
'வழியில் போகிறவன்' என்று சொல்ல
நாக்கு தயாராக இருந்தது.

குதிரை வாளியிலிருந்து தலை தூக்கியது.
தாடையில் நீர் ஒழுக ஒரு பார்வை.
நன்றியெல்லாம் இல்லை,
இன்னும் வேண்டும், அவ்வளவுதான்.

சூசைமாணிக்கம், என்றேன்.
அவருக்குப் பிடிபடவில்லை.
எழுத்தெழுத்தாக மறுபடி சொன்னேன்,
வண்டி எண்ணையும் சேர்த்து.