இரண்டு பேருக்குப் பதிந்த அறை

தாட்சாயணி, வணக்கம்.
பதினொரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள்.
வரிசையாகப் பதில் சொல்ல எனக்கு வராது,
அடுப்பில் சொதி இருக்கிறது.

கோட்டையில் இரவு ரயில் ஏறுங்கள்.
வலப்பக்க யன்னல். அது முழுதாய் மூடாது,
ஒரு போர்வை கையில் இருக்கட்டும்.
சீனக்குடா வரும்போது விழித்திருந்தால்
துறைமுகத் தண்ணீர் சக்கரத்துக்குக் கிட்ட வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஆட்டோவில் ஏறுமுன் விலை பேசுங்கள்,
ஏறிய பிறகு மழையைப் பற்றிப் பேசுங்கள்.

மான்களை நம்பவேண்டாம்.
கோட்டை வாசலில் முனிவர்போல நிற்கும்,
போன வருடம் ஒரு சுவிஸ்காரரின்
கடவுச்சீட்டுப் பிரதியைத் தின்றுவிட்டது.
பிரதி இரண்டு எடுங்கள்.
பிஸ்கட்டைப் பையோடு நீட்டாதீர்கள்,
பை அதன் வயிற்றில் கிடந்து அழியாது.

கோணேசரிடம் காலையிலேயே போய்வாருங்கள்.
உச்சிவெயிலில் அந்தக் கல் தோசைக்கல்;
எல்லாரும் விரைந்து சுற்றுவது
பக்தியால் அல்ல.

கன்னியாவில் ஏழு கிணறு.
எது அதிகம் சூடு என்று கேட்டால்
ஆளுக்கொரு கிணற்றைக் காட்டுவார்கள்.
துவாய் கொண்டுபோங்கள்.
ஒருவேளை பக்கத்தில் யாராவது
செத்தவருக்குக் காரியம் செய்துகொண்டிருப்பார்கள்,
கமெராவை இறக்கிவிட்டு
உங்கள் வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள்.

கடல்.
ஆனியில் வருகிறீர்கள், நல்லது,
ஆறவைத்த கஞ்சிபோலக் கிடக்கும்.
அதனால்தான் சொல்கிறேன்,
காற்றடைத்த மிதவையில் படுத்துக் கண்மூடாதீர்கள்.
இது கச்சான் காற்று,
(கடையில் சுருளில் விற்கிற கச்சான் வேறு,
அதையும் வாங்குங்கள், சுடச்சுட)
நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்.
அலை இல்லை, சத்தம் இல்லை.
கண்ணைத் திறக்கையில்
கரையில் நிற்பவர் விரலளவு இருப்பார்.
கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

சொறிமுட்டை பட்டால் தேய்க்கவேண்டாம்,
என்னிடம் வினாகிரி இருக்கிறது.

புறாத்தீவுக்கு ஏழு மணிக்கே.
முருகைக்கல்லில் கால் வைக்கவேண்டாம்,
அது கல்லல்ல, உயிர்.
வெயிலுக்குப் பூசும் களிம்பு அதற்கு ஆகாது என்கிறார்கள்,
நீளக்கைச் சட்டை போதும்.
படகுக்குத்தான் காசு, ஆளுக்கில்லை.
ஒருவர் போனாலும் அதே விலை.

நேற்றிரவு உங்கள் இரண்டாம் செய்தி வந்தது:
இரண்டு பேரில்லை, ஒருவர்தான்.
நான் கேட்கவில்லை.
இந்த அறையில் பலரும் பல கணக்கில் தங்கியிருக்கிறார்கள்.
குறைந்த ஆளுக்குக் காசு பிடிக்கமாட்டேன்,
காலைச் சாப்பாட்டில்
ஒரு முட்டை குறையும், அவ்வளவுதான்.

அஸ்மி நானாவிடம் சொல்லியிருக்கிறேன்,
குருநாகலிலிருந்து வரும் குடும்பத்தோடு
உங்களையும் படகில் ஏற்றுவார்.
அவர்கள் வாழைப்பழம் திணிப்பார்கள்.
நீங்களும் எள்ளுருண்டை ஒரு பொதி வைத்திருங்கள்,
வெறுங்கையோடு இருந்தால்
கேள்விகள் கூடும்.

தலையணை இரண்டும் கட்டிலில் இருக்கும்.
ஒன்றை எடுத்துவிடலாமென்று போனேன்,
பிறகு வைத்துவிட்டு வந்தேன்.
கிழக்கு யன்னலில் திரை கட்டை;
ஐந்தரைக்கே வெளிச்சம் முகத்தில் விழும்,
அங்கே சாத்திவைக்க உதவும்.

பதினோராவது கேள்வி,
தனியாக ஒரு பெண் வரலாமா?
வாருங்கள்.
இருட்டிய பின் கடற்கரையில்
மஞ்சள் பல்ப் எரியும் வாடி வரைதான்.
யாராவது கூட ஆளெங்கே என்று கேட்டால்
அறையில் தூங்குகிறார் என்று சொல்வது வழக்கம்.
அப்படிச் சொல்ல மனமில்லாவிட்டால்
என் பெயரைச் சொல்லுங்கள்,
பத்மலோஜினி வீட்டு ஆள் என்று.
உப்புவெளியில் அது போதும்.

நுளம்புத்திரி மேசை லாச்சியில்.
கதவு இறுகும், சற்றுத் தூக்கித் தள்ளுங்கள்.
சதுரமுள் பிளக் இங்கே தருவேன்.
மற்றதெல்லாம் வந்தபின் பார்ப்போம்.
முட்டை அவிக்கவா பொரிக்கவா,
அதை மட்டும்
இன்றைக்கே எழுதுங்கள்.