கோடி

பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
சத்துவாச்சாரி கோர்ட்டு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
தமிழை இங்கிலீஷாக்கித் தருகிறேன்.
இந்த ஜில்லாவிலிருந்து டெல்லிக்குப் போகிற கண்ணீர்
என் மேஜையில் ஒருமுறை காய்ந்துவிட்டுத்தான் போகும்.

வேலந்தாங்கல் ஏரி வழக்கு.
அணைக்கட்டுப் பக்கம் ஊர். மூன்றாவது சாட்சி சம்பூரணம்
குறுக்கு விசாரணையில் சொன்னது:
‘ஏரியே இல்லன்னு எப்படிங்க சொல்றீங்க?
என் ரெண்டாவது பொண்ணு பொறந்த வருஷம்
கோடி போச்சு. ஊரே போய்ப் பார்த்தோம்.’

கோடி போச்சு.
மூன்று நாள் அந்த இரண்டு சொல்லோடு உட்கார்ந்திருந்தேன்.
நிரம்பி வழிந்தது என்று எழுதி, அடித்தேன்.
வழிவது பாலுக்கும் ஆகும், சாக்கடைக்கும் ஆகும்.
கோடி போக வேண்டுமானால்
அதற்கென்று ஒரு கல் கட்டியிருக்க வேண்டும்,
கீழ் ஏரிக்காரன் கண்விழித்துக் காத்திருக்க வேண்டும்,
ஓர் ஆடாவது வெட்டியிருக்க வேண்டும்.
கடைசியில் ஆங்கில எழுத்தில் கோடி என்றே விட்டுவிட்டேன்.
டெல்லியிலிருந்து ஜூனியர் வக்கீல் போன் செய்தார்:
‘மேடம், எத்தனை கோடி? யாருக்குப் போனது?’

வேலூரில் தோற்று, சென்னையில் பாதி ஜெயித்து,
பதினெட்டு வருஷம் ஏறி
இனி மேலே படி இல்லாத இடத்தில் நின்றது வழக்கு.
அங்கே சாட்சியை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.
அவள் சொன்னதில் என் இங்கிலீஷில் எவ்வளவு மிஞ்சியதோ
அவ்வளவுதான் அவள்.
வாதம் பதினோரு நிமிஷம்.

தீர்ப்பு வந்தது.
இப்போது அதைத் தமிழாக்க வேண்டும். அதே அறுபது ரூபாய்.
‘முழுமையான நீதி வழங்க எமக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு’
என்று ஆரம்பிக்கிறது இருபத்தாறாவது பத்தி.
பெரிய அதிகாரம்தான்.
கலெக்டரை எழுந்து நிற்க வைத்தது.
முத்திரை குத்திய பட்டாவை வெறும் தாளாக்கியது.
ஏரிக்குள் போட்ட நகரின் அலங்கார வளைவை
ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜேசிபி வைத்து இறக்கியது.
கடன் வாங்கி வீடு கட்டிய நாற்பத்தொரு பேரில்
கிருபாகரன் என்கிற கண்டக்டர்
வாசற்கதவை மட்டும் கழற்றி டெம்போவில் ஏற்றினார்.
அவருக்கு வட்டியோடு பணம் தரச் சொல்லி ஒரு பத்தி இருக்கிறது.
மனை விற்றவர் அந்த முகவரியில் இல்லை.

ஏரியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாம்.
எந்தப் பழசு? தேதி போடவில்லை.
வரத்துக் கால்வாய் பைபாஸ் ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது.
அது இந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை.
ஆகவே அதுகுறித்து நாம் கருத்து எதுவும் கூறவில்லை என்று
மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது முப்பதாவது பத்தி.
மழையையும் யாரும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கவில்லை.

பத்தொன்பதாவது பத்தியில் சம்பூரணம் இருந்தாள்.
பெயர் இல்லை, எண் மட்டும்.
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் என் கோடி.
ஆங்கில எழுத்துக்குக் குறில் நெடில் தெரியாது;
கொடி என்று படித்தாலும் யாரும் தடுக்க முடியாது.
ஆனாலும் இனி அது நாட்டின் சட்டம்.
எங்கோ பனிமலை அடிவாரத்து முன்சீப்பும்
சம்பூரணம் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்.

நகலைக் கொடுக்கப் போனேன்.
கலங்கல் கல்மேல் கேழ்வரகு காயவைத்திருந்தாள்.
‘ஜெயிச்சிட்டீங்க.’
‘சொன்னாங்க. அதுக்கு மேல கோர்ட்டு கிடையாதாமே?’
‘கிடையாது. அதுதான் கோடி.’
சிரித்தாள். தாளை வாங்கவில்லை.
ஜவ்வாது மலைப்பக்கம் கறுத்திருந்தது.
‘இந்த முனையக் கொஞ்சம் புடிங்க’ என்று
சாக்கை நீட்டினாள்.

தீர்ப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நனைவதற்குள் வாரினோம்.